கர்னல் ஆல்காட்டும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளும்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் துறைமுகமும் நம் நினைவிற்கு வரும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்கரையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எந்த ஆண்டிலும் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிடுவதில்லை. கடலுக்கடியில் சிப்பி வளரும் பார்களை முதலில் சோதிப்பார்கள். குளிகாரர் மூழ்கி மாதிரிச் சிப்பிகளைக் கொண்டு வருவர். அவற்றைத் திறந்து, சிப்பியின் வயது என்ன, முத்து விளைந்துள்ளதா, அதன் மதிப்பு என்ன என்று பார்ப்பர். விளையாத சிப்பி என்று தெரிந்தால் பாரை அப்படியே விட்டு வைப்பர். 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்று போயிற்று. எனினும் அந்த வழக்கத்தில் அடங்கிய அறிவு நம்மை விட்டுப் போகவேண்டியதில்லை. சோதனை என்பது சிப்பியைத் தண்டிப்பதற்கு ஏற்பட்டதன்று. அது விளைவை அறிவதற்கும் அடுத்துச் செய்யவேண்டியதைத் தீர்மானிப்பதற்கும் ஏற்பட்டது.

பள்ளிக்கூடத்தைச் சோதிப்பதும் அத்தகையதே. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், சோதனை என்பதை வாழ்நாள் முழுவதும் தொழிலாகவும் நெறியாகவும் கொண்டிருந்த ஒரு பெரியவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும். அவர் நம் நாட்டவரல்லர்; நம் சமுதாயத்தவருமல்லர். ஆயினும் சென்னை நகரச் சேரிப் பிள்ளைகளுக்காக முதன்முதல் கட்டணமில்லாப் பள்ளிகளை நிறுவியவர்களுள் ஒருவர். அவரே கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்.

பிறப்பும் உழவுக் கல்வியும்

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வணிகர். வணிகம் நொடித்ததனால் கல்லூரிப் படிப்பை ஆல்காட் முற்றுப்பெறச் செய்ய இயலவில்லை. இளமையிலேயே ஓகையோ மாநிலத்திற்குச் சென்று உழவுத் தொழிலில் ஈடுபட்டார். வறுமையினால் படிப்பு இடையில் நின்று போவது எத்தகைய துன்பம் என்பதை அவர் தம் வாழ்விலேயே உணர்ந்தவர்.

மண்ணை அறிந்து பயிர் செய்யும் புதிய வேளாண்மையில் அவர் மனம் சென்றது. நியூயார்க்கை அடுத்து ஓர் உழவுப் பள்ளியைத் தொடங்கி நடத்தினார். 1857இல் சீனத்திலும் ஆப்பிரிக்காவிலும் விளையும் இனிப்புச் சோளத் தட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பின்னர் நியூயார்க் டிரிபியூன் என்ற புகழ்பெற்ற நாளிதழில் வேளாண்மைப் பகுதிக்கு ஆசிரியரானார். பயிர் விளையவில்லை என்றால் உழவன் பயிரைத் திட்டுவதில்லை. மண்ணையும் நீரையும் விதையையும் ஆராய்கிறான். உழவுத் தொழில் அவருக்குக் கற்பித்த இப்பாடம் பிற்காலப் பணிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று எனலாம்.

பேரேட்டையும் ஆளையும் ஒப்பிட்டவர்

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை ஒழிப்பதா நிலைநிறுத்துவதா என்பதே அப்போரின் உள்ளார்ந்த கேள்வி. ஆல்காட் வடபுலப் படையில் சேர்ந்தார், நோயுற்றுத் திரும்பினார். உடல் தேறியதும் போர்த்துறை அவருக்கு வேறொரு பொறுப்பை அளித்தது. படைக்குப் பொருள் வழங்குவோரும் ஆள் சேர்ப்போரும் செய்துவந்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் தனி ஆணையராக அவர் அமர்த்தப்பட்டார்.

அக்காலத்தில் போர் முனையில் வீரர்கள் உயிர்விட, ஊருக்குள் சிலர் பொய்க் கணக்கு எழுதிப் பொருள் குவித்தனர். படையில் சேர வந்தவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்ததாகப் பொய்ப் பட்டியல் கொடுத்துப் பணம் பெற்றவர்களும் இருந்தனர். தாளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், கையொப்பமும் இருக்கும், கூட்டலும் சரியாக இருக்கும். ஆனால் அத்தாளில் குறித்த செலவு நடந்ததா, அப்பெயருக்குரிய ஆள் உண்டா என்று சென்று பார்க்கவேண்டும். ஆல்காட் பார்த்தார். செல்வாக்குடைய ஒரு வணிகர் உட்படப் பலர் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறை சென்றனர். ஆசையும் அச்சுறுத்தலும் அவரை அசைக்கவில்லை. போர்த்துறையைப் பின்பற்றிக் கடற்படைத் துறையும் அவருடைய உதவியை நாடியது. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது, அச்சதியைத் துப்புத் துலக்கும் பணியிலும் அவர் பங்கு கொண்டார். கர்னல் என்ற பட்டம் இக்காலத்தில் பெற்றதே.

பின்பு அவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1874இல் ரஷ்ய நாட்டவரான பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் வேறு சிலரும் சேர்ந்து 1875 நவம்பர் 17ஆம் நாள் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். ஆல்காட் அதன் முதல் தலைவரானார். இறுதி மூச்சுவரை அப்பொறுப்பிலேயே இருந்தார். 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார். 1882 இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றிற்கு மாற்றப்பட்டது. சமயக் கொள்கைகளில் அவருடன் உடன்படுவோரும் மாறுபடுவோரும் உண்டு. இக்கட்டுரை அவருடைய கல்விப் பணியை மட்டுமே பொருளாகக் கொள்கிறது.

இலங்கையில் கற்ற பாடம்

1880 மே 17ஆம் நாள் ஆல்காட் காலித் துறைமுகத்தில் இறங்கினார். சில நாட்களில் பௌத்த நெறியைத் தழுவினார். அக்காலத்து இலங்கையில் பள்ளிகள் பெரும்பாலும் கிறித்தவச் சபைகளின் கையில் இருந்தன. அரசின் உதவி மானியம் பெற்ற பௌத்தப் பள்ளிகள் மிகச் சிலவே. ஆல்காட் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பேசினார். கல்வி நிதி திரட்டினார். 1881இல் பௌத்த வினாவிடை நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1886இல் கொழும்புப் பேட்டையில் தொடங்கிய சிறு பள்ளியே பின்னர் ஆனந்தா கல்லூரியாயிற்று. கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா எனக் கல்லூரிகள் எழுந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் பௌத்தப் பள்ளிகள் நூற்றைத் தாண்டின.

இப்பணியில் அவர் கண்ட தடை ஒன்று உண்டு. பள்ளி தொடங்குவது எளிது. அதை அரசின் பதிவேட்டில் ஏற்றி மானியம் பெறுவதே கடினம். மானியத்திற்கு ஆய்வாளர் வரவேண்டும். வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்கவேண்டும். பிள்ளைகள் தேர்வில் தேறவேண்டும். இவையெல்லாம் நிறைவேறினாலும் விதி குறுக்கே நிற்கும். ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்குமிடத்திலிருந்து கால் மைல் எல்லைக்குள் தொடங்கும் புதிய பள்ளிக்கு மானியமில்லை என்ற விதி 1890களில் வந்தது. முன்பே இடம்பிடித்தவர்க்கு அது வேலி. பின்னே வந்தவர்க்குத் தடைச் சுவர். ஆய்வு முறை எவ்வளவு நேர்மையாகத் தோன்றினாலும் அதன் விதிகளை யார் வகுக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தூத்துக்குடித் துறையில்

இவர் நம் தூத்துக்குடி மண்ணையும் மிதித்தவர் என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும். 1881 அக்டோபரில் இலங்கைப் பௌத்த அன்பர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து கடல் கடந்து தூத்துக்குடிக்கு வந்தார். இங்கிருந்து திருநெல்வேலிக்குச் சென்று, நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் பௌத்தர்க்கும் இந்துக்களுக்கும் நட்பின் அடையாளமாகத் தென்னங்கன்று ஒன்றை நட்டார்.

அந்நாளில் தூத்துக்குடித் துறை எவ்வாறிருந்தது என்று எண்ணிப் பார்ப்போம். மதுரையிலிருந்து தொடர்வண்டி வந்து ஆண்டுகள் சிலவே ஆகியிருந்தன. கரையோரக் கடலில் ஆழம் போதாமையால் கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகள் பஞ்சு மூட்டைகளையும் மக்களையும் ஏற்றிச் சென்றன. அம்மக்களுள் பெருந்தொகையினர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் முன்னோர். நிலமில்லை, எழுத்தில்லை, கங்காணி காட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறினர். தாளில் எழுதியிருந்தது என்ன, கணக்கில் பற்று எவ்வளவு என்று படித்துப் பார்க்க அவர்களால் இயலவில்லை. அமெரிக்காவில் பொய்க் கணக்குகளைப் படித்துப் பார்த்துப் பிடித்த அதே மனிதர், கணக்கைப் படிக்கத் தெரியாத மக்கள் கப்பலேறிய இதே துறையில் வந்து இறங்கினார். எழுத்தறிவு என்பது ஏமாறாமலிருக்கும் வலிமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்னைச் சேரிகளில் பள்ளிகள்

சென்னை மாகாணத்தில் அப்போது நம் மக்களின் விழிப்பு தொடங்கியிருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் உதகையில் திராவிட மகாசன சபையின் மாநாட்டைக் கூட்டினார். 1892இல் சென்னை மகாசன சபையின் கூட்டத்தில் நம் மக்களுக்காக அவர் வாதாடினார். ஆலய நுழைவைப் பற்றிய அவர் கோரிக்கை அவமதிப்போடு மறுக்கப்பட்டது; நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகியவற்றுக்கான கோரிக்கைகளே ஏற்கப்பட்டன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழைத் தொடங்கினார். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். இவற்றின் விளைவாக 1893இல் சென்னை அரசு, பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. பெரிய சேரிகளில் தனிப்பள்ளிகள், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம், ஆசிரியர்ப் பயிற்சி, இரவுப் பள்ளி, கூடுதல் மானியம் ஆகியவை அதில் கூறப்பட்டன. பஞ்சமர் என்பது அன்றைய அரசு வழக்கு. நம் முன்னோர் அதனை எதிர்த்துப் போராடி, 1922இல் எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே ஆதி திராவிடர் என்ற பெயரைப் பெற்றனர்.

ஆணை வந்துவிட்டதனால் பள்ளி வந்துவிடாது. 1894இல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் முதற் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 62. தொடர்ந்து கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் பள்ளிகள் எழுந்தன. 1901இல் மயிலாப்பூரில் எழுந்த பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைவதற்குள் பள்ளிகள் ஐந்தாயின. கட்டணம் கிடையாது, எந்தச் சமயத்தையும் பிள்ளைகளிடம் திணிப்பதும் கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, நிலநூல், தையல், சமையல் முதலியவை கற்பிக்கப்பட்டன.

நம்மவர் இதில் வெறுங்கையேந்தி நிற்கவில்லை. அயோத்திதாசர் ஆல்காட்டை நாடி உரையாடினார். அப்பள்ளிகளில் ஒன்றில் ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமியாரும் அயோத்திதாசரும் 1898இல் ஆல்காட்டோடு இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்தம் ஏற்றனர். அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. பின்னாளில் அயோத்திதாசர் பிரம்மஞான சபையாரைத் தம் இதழில் கடுமையாகவே விமர்சித்தார். உதவி செய்தவர் என்பதற்காக ஆராயும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆய்வாளர் வரும் நாள்

அக்காலத்து ஆய்வு முறையைத் தெரிந்துகொண்டால்தான் ஆல்காட் பள்ளிகளின் சிறப்பு விளங்கும். 1862இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளையை ஆய்வாளர் சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு பணம் என்று பள்ளிக்கு மானியம் கிடைக்கும். இம்முறை சில ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்பது இதன் பொருள்.

விளைவு என்ன? பிள்ளையின் நாவே பள்ளியின் பணப்பை ஆயிற்று. உபாத்தியாயர் பாடத்தைப் பொருள் தெரியாமலே நெட்டுருப் போட வைத்தார். நன்றாகப் படிக்கும் பத்துப் பேரே கவனிக்கப்பட்டனர். தேற மாட்டான் என்று தோன்றிய பிள்ளை பின் வரிசையில் மறக்கப்பட்டான். ஆய்வாளர் வரும் நாளன்று தரை மெழுகி மாவிலைத் தோரணம் கட்டுவதும், வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்த் தூக்கி வருவதும், விடையை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நம் பாட்டனார் காலத்துக் கதைகளில் நாம் கேட்டவையே. ஆய்வாளர் கையொப்பமிட்டுப் போன மறுநாள் பள்ளி பழையபடி ஆகிவிடும். 1904இல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானமே இம்முறையைக் கைவிடவேண்டும் என்று கூறியது.

இத்தகைய சூழலில் சேரிப் பள்ளியின் நிலை இரட்டைத் துன்பமாயிருந்தது. பசியோடு வரும் பிள்ளை, வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவருமில்லாத பிள்ளை, அறுவடை நாளில் வயலுக்குப் போகவேண்டிய பிள்ளை. இவர்களைத் தேர்வில் நிறுத்தித்தான் மானியம் பெறவேண்டும். சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதே ஊராரின் முடிந்த முடிவாக இருந்தது. அப்பிள்ளை தேறவில்லை என்றால் பள்ளிக்குப் பணம் குறையும். அத்தோடு அந்தப் பொய்யும் உறுதிப்படும்.

தம்மைத் தாமே சோதித்த பள்ளி

ஆல்காட் இச்சிக்கலை எவ்வாறு அணுகினார்? உழவுப் பள்ளி நடத்தியவர் செய்வதைச் செய்தார். பயிரைத் திட்டாமல் மண்ணைப் பார்த்தார். குறை பிள்ளையிடம் இருக்கிறதா, கற்பிக்கும் முறையில் இருக்கிறதா என்று கேட்டார். அமெரிக்காவிலிருந்து பயிற்சி மிக்க கல்வியாளரான பால்மர் அம்மையாரை வரவழைத்துப் பள்ளிகளின் மேற்பார்வையை ஒப்படைத்தார். அவருக்குப் பின் கோர்ட்ரைட் அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார்.

இவர்கள் முதலில் திருத்தியது ஆசிரியரை. சரியாகச் சொன்னால், ஆசிரியருக்கு உதவினார்கள். பிரம்பும் நெட்டுருவும் மட்டுமே அறிந்திருந்த உபாத்தியாயர்களுக்கு, பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிப்பதையும் விளையாட்டின் வழியாக எண்ணைக் கற்பிப்பதையும் பயிற்றுவித்தனர். கிண்டர்கார்டன் என்னும் பாலர் கல்வி முறையைச் சேரிப் பள்ளியில் புகுத்தினர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டாதிருந்த முறை அது. மேற்பார்வை செய்பவர் வகுப்பில் உடனிருந்து, எங்கே பிள்ளை தடுமாறுகிறான் என்று பார்த்து, கற்பிக்கும் வழியை மாற்றினால், ஆய்வாளர் வரும் நாள் அச்சம் தரும் நாளாக இராது. முன்பே அறிந்த விடையைச் சரிபார்க்கும் நாளாகவே இருக்கும்.

ஆல்காட் கணக்கையும் விட்டுவிடவில்லை. தம் பள்ளிப் பிள்ளைகள் அரசுத் தேர்வில் பெற்ற தேர்ச்சியை மாகாணம் முழுவதற்குமான தேர்ச்சியோடு ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார். சேரிப் பிள்ளைகள் பிறரினும் தாழ்ந்தவரல்லர், பல நிலைகளில் மிஞ்சியவர் என்பதை அரசின் பதிவேட்டைக் கொண்டே நிலைநாட்டினார். 1902இல் ஏழைப் பறையர் என்ற பொருளுடைய தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி, இம்மக்களின் நிலையையும் பள்ளிகளின் பணியையும் உலகறியச் செய்து உதவி கேட்டார். முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் மோசடிக் கணக்கை உடைத்த அதே திறம், இப்போது ஒரு சமுதாயத்தின்மீது சுமத்தப்பட்ட பொய்யை உடைக்கப் பயன்பட்டது. நம் இளைஞர்கள் இவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டும். ஆய்வும் கணக்கும் மேலிருந்து நம்மை அடக்கும் கருவிகளாகவும் இருக்கலாம். நம் கையில் வந்தால் நம் உரிமைக்குச் சான்றாகவும் ஆகலாம்.

நிறையோடு குறையும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் புகழை மட்டுமே எழுதுவது வழக்கம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த ஒருவரை நாமும் சோதித்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆல்காட் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. இப்பிள்ளைகளுக்கு உயர்கல்வி தருவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. எழுதவும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்து, ஏமாறாமல், தூய்மையோடு, தம் தொழிலில் சற்று உயர்ந்து வாழ்ந்தால் போதும் என்று அவர் கருதினார். நல்ல சமையற்காரனாக, நல்ல பணியாளனாக ஆவதைப் பயனாகக் கொண்டார். அந்நாளில் அதுவும் பெரிய பேறே. ஆனால் ஒரு பிள்ளை மருத்துவனாகவோ வழக்கறிஞனாகவோ ஆகக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அந்தத் திட்டத்தில் இல்லை.

இதில் வியப்பு என்னவெனில், ஆய்வாளரும் அதைக் கேட்கவில்லை. அரசின் படிவத்தில் வகுப்பு உண்டு, தேர்ச்சி உண்டு, வருகை உண்டு. நான்காம் வகுப்பில் தேறிய பிள்ளை அடுத்த ஆண்டு எங்கே போனான் என்ற வினா படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாத வினாவை எவரும் கேட்கவில்லை. பிறர் நம்மை ஆராயும்போது அவர்கள் கேட்கும் வினாக்கள், நம்மைப்பற்றி அவர்கள் கொண்டுள்ள எதிர்பார்ப்பின் எல்லைக்குள்ளேயே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய வினாவை நம் சமுதாயமே எழுப்பவேண்டியிருந்தது. ஆசிரியராக இருந்து பாடநூல்களும் எழுதிய எம். சி. ராஜா சட்டமன்றத்தில் நின்று கேட்டார். இரட்டைமலை சீனிவாசன் கேட்டார். அண்ணல் அம்பேத்கர் நாடு முழுவதற்குமாகக் கேட்டார். அதன் பின்பே உதவித்தொகையும் மாணவர் விடுதியும் கல்லூரியும் நம் பிள்ளைகளுக்குத் திறந்தன.

மறைவு

1907 பிப்ரவரி 17ஆம் நாள், தம் 74ஆம் அகவையில், அடையாற்றில் ஆல்காட் மறைந்தார். இலங்கையில் கொழும்புக் கோட்டைத் தொடர்வண்டி நிலையத்தின் முன் அவருக்குச் சிலை நிற்கிறது. சென்னையில் அவர் தொடங்கிய முதற் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரோடு, நூற்றாண்டைக் கடந்து, இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகிறது. சிலையைவிடப் பள்ளியே சிறந்த நினைவுச் சின்னம் என்பதில் ஐயமில்லை.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

காலம் மாறியிருக்கிறது. தேர்ச்சிக்கேற்ற மானியம் மறைந்தது. 1958 முதல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது, பள்ளிக்கு என்ன தேவை என்று ஊர் மக்களே பட்டியலிட்டு, தாமே பொருளும் உழைப்பும் தந்து நிறைவு செய்தனர். 2015இல் நடுவண் அரசு ஷாலா சித்தி என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. அதன்படி பள்ளி முதலில் தன்னைத்தானே ஏழு துறைகளில் மூன்று நிலைகளாக மதிப்பிட்டுக்கொள்ளவேண்டும். அதன் பின்பே வெளியார் மதிப்பீடு. தன்னை ஆராய்வது முன், பிறர் ஆராய்வது பின் என்ற நெறி இன்று அரசின் நெறியாகவே ஆகிவிட்டது.

ஆனால் படிவம் நல்லதாயிருந்தால் போதாது. உள்ளதை உள்ளபடி எழுதும் நெஞ்சுரம் வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் உயர்ந்த நிலையைக் குறித்துவிட்டு அனுப்பிவிடும் பள்ளி, பிறரை ஏமாற்றவில்லை. தன் பிள்ளைகளையே ஏமாற்றுகிறது. பொய்ப் பட்டியலைப் பிடிக்க அமெரிக்காவில் ஓர் ஆல்காட் இருந்தார். நம் பதிவேட்டுக்கு நாமே ஆல்காட்டாக இருக்கவேண்டும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இவ்வாண்டு தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் சில உள. நம் உதவி பெற்று முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைக் கண்டனர்? இடையில் நின்றவர் யார் யார், பெயர் என்ன, தெரு எது? உப்பளத்தில் வேலை நடக்கும் மாதங்களில் எந்தப் பிள்ளைகளின் இருக்கை காலியாகிறது? பெண் பிள்ளை எந்த வகுப்போடு நிற்கிறாள், ஏன் நிற்கிறாள்? மாலை வகுப்பில் நாம் கற்பிப்பது பிள்ளைக்குப் புரிகிறதா, அல்லது நாம் கற்பித்தோம் என்ற மனநிறைவுதான் மிஞ்சுகிறதா? நம் உதவியால் படித்து உயர்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து ஒரு பிள்ளைக்குக் கைகொடுத்தனர்?

இவற்றுக்கு விடை கூறுவது சில வேளை வெட்கம் தரும். தரட்டும். குளிகாரன் கொண்டுவந்த சிப்பியில் முத்து இல்லை என்றால் அதை மறைத்து வைப்பதால் முத்து விளைந்துவிடாது. பாரை அறிந்து, காலம் அறிந்து, காத்து வளர்த்தால்தான் விளையும். இளைஞர்களே, ஆய்வாளர் வருவதற்கு முன்பே உங்கள் பள்ளியை நீங்கள் ஆராயுங்கள். ஆய்வாளர் கேட்காத வினாக்களையும் கேளுங்கள். வைர விழாவின்போது இம்மலரைப் புரட்டிப் பார்க்கும் நம் பிள்ளைகள், அவ்வினாக்களுக்குரிய விடைகளை அதே மலரில் எழுதும்படி நாம் உழைப்போமாக.